புஷ்பவதிக்கு இனி ரத்தம் வேண்டாம்

லாசால், மொன்றியல்
மாசி மாதம், வியாழக்கிழமை

அன்பின் மைத்துனர் விமலநாதனுக்கு,

அத்தான் உருத்திரமூர்த்தி சொல்லச் சொல்ல, கீழ்வீட்டு மாக்கிரட் எழுதும் கடிதம் இது. நீரும் மகள் கஜந்தினியும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று பிள்ளையாரை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். மாக்கிரட் மன்னார் வேதக்காரர். பிள்ளையாரின் பேரை எழுதுவாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன், எழுதிவிட்டு, "மாதாவையும் ஒருக்கா வேண்டுங்கோ, சேர்த்து எழுதிவிடுறன்" என்கிறார். ஆகவே மாதாவும் உங்களைக் காக்கட்டும்.

ரெலிபோனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பீர். பக்கத்தில் ஷெல் விழுந்த நாளில் இருந்து உம்முடைய காது அப்படி. நான் எதைச் சொன்னாலும் "ஓம் அத்தான், ஓம் அத்தான்" என்கிறீர். போன கிழமை, அக்காவுக்கு மூச்சு எடுக்கக் கஷ்டம் என்று சொன்னேன். "நல்ல விசயம் அத்தான்" என்றீர். கோபிக்கவில்லை, சிரிப்புத்தான் வந்தது. மாக்கிரட் இதைப் படம் பிடித்துக் கஜந்தினியின் போனுக்கு அனுப்புவார். அவள் எழுத்தைப் பெருப்பித்துத் தருவாள், ஆறுதலாக வாசியும்.

உம்முடைய அக்கா புஷ்பவதியின் வருத்தத்தை முதலில் இருந்து சொல்கிறேன். எலும்புக்குள் இருக்கும் மச்சை ரத்தம் ஊறவைக்கும் வேலையை விட்டுவிட்டது என்று முந்தின வருடம் இலை கொட்டும் காலத்தில் சொன்னார்கள். மருந்து பிடிக்கவில்லை. அன்றில் இருந்து வேறொருவருடைய ரத்தத்தில்தான் சீவியம். ஆஸ்பத்திரிக்குப் போவதை அவள் "பெற்றோல் அடிக்கப் போறது" என்பாள். முதல் முதல் ஏற்றிய அன்று, போகும்போது சுவரைப் பிடித்து நடந்தவள், வரும்போது டெப்பனர் என்கிற மூலைக்கடையில் ஏறிப் பாலும் வாங்கிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள். படியில் திரும்பி நின்று, "கெதியா வாங்கோவன் கிழவா" என்றாள். அந்த நேரம் அவளுடைய கன்னத்தில் இருந்த நிறத்தை நான் மறக்கவில்லை. எனக்கு எழுத்துத் தெரியாது, கண்டதெல்லாம் அப்படியே உள்ளே கிடக்கும். உமக்கு அது தெரியும்.

அந்த ஒரு பை முதலில் மாதக்கணக்கில் தாங்கியது. பிறகு இரண்டு கிழமை. பிறகு ஒரு கிழமை. பொங்கலுக்குக் கிட்ட ஒரு நாள், ஏற்றிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு மூச்சு அடைத்துவிட்டது. ஒரே ஒரு பைதான், அதுவும் மெதுவாகத்தான் விட்டார்கள். சுவாசப்பைக்குள் தண்ணீர் நின்றுவிட்டதாம், இருதயத்தால் அவ்வளவையும் தாங்க முடியவில்லையாம். முகத்துக்கு மூடி போட்டு, தண்ணீர் போகிற ஊசி போட்டு, வார்டில் மறித்துவிட்டார்கள். இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.

அதற்குப் பிறகு ரத்தம் ஏற்றுகிறார்கள் இல்லை. காலையில் ஊசி குத்தி ஒரு குழாய் ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள். நெஞ்சு நோகிறதா, தலை சுற்றுகிறதா என்று கேட்கிறார்கள். "இன்றைக்குத் தேவையில்லை, பொறுத்துப் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. எடுக்கத் தெரிந்தவர்களுக்குக் கொடுக்கத் தெரியாதோ என்று டொக்டரைக் கேட்டேன். டொக்டர் ஒரு இளம் பெண். மாக்கிரட் பிரெஞ்சில் சொன்னதும் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். அப்போதே தெரிந்துவிட்டது, நான் சொன்னதை மாக்கிரட் சொல்லவில்லை என்று.

எனக்கு அப்போது ஒரு எண்ணம் வந்தது. எங்கள் ஊர் வழக்கம் உமக்குத் தெரியாததா. பெரியாஸ்பத்திரியில் ஒரு போத்தல் ரத்தம் வாங்கினால், ஆள் கூட்டிவந்து ஒரு போத்தல் திருப்பிக் கொடுக்கவேண்டும். இங்கே நாங்கள் வாங்கிக்கொண்டே இருக்கிறோம், ஒரு சொட்டுத் திருப்பவில்லை. இந்தச் சனம் வாய் திறந்து கேளாது. மனதுக்குள் வைத்திருந்துவிட்டு ஒருநாள் பேசாமல் நிறுத்திவிடும் என்று எனக்குப் பட்டது.

மேல்மாடி அருமைராசாவிடம் சொன்னேன். வடமராட்சி ஆள். தமிழ்க் கடைகளுக்கு மரக்கறி இறக்குகிற வான் வைத்திருக்கிறார். "அண்ணை, என்ர ரத்தம் ஓ குறூப். உலகத்தில எவனுக்கும் ஏறும். ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?" என்று என்னை ஏசிவிட்டு, கோயிலில் பஜனை பாடுகிற ஆட்களையும் சேர்த்துவிட்டார். சனிக்கிழமை காலையில் அவருடைய வீட்டில் எல்லாருக்கும் குடிக்க நெஸ்டமோல்ட்டும் தின்ன அவித்த முட்டையும். வானுக்குள் கதிரை போதாமல் இரண்டு பேர் வெங்காயச் சாக்கின் மேல் குந்திக்கொண்டு வந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலில் இருந்த பெண் "பொன்ஜூர்" என்றாள். அருமைராசா பதிலுக்குச் சட்டைக் கையை மடித்து நரம்பைக் காட்டினார்.

அந்தப் பெண் பயந்துவிட்டாள். மாக்கிரட்தான் ஓடிவந்து விளங்கப்படுத்தினார். இங்கே அப்படி இல்லையாம். ரத்தம் கொடுக்கும் இடம் வேறு, ஏற்றும் இடம் வேறு. யாருடையது யாருக்கு என்று கேள்வி இல்லையாம். வாங்கினவர் திருப்பவேண்டும் என்றும் இல்லையாம். விஷயம் விளங்கியதும் அவளுடைய முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. என்னுடைய கையைப் பிடித்து "மெர்சி, மெர்சி" என்று சொல்லி, போகவேண்டிய இடத்தைக் காட்டினாள்.

வந்ததோடு வந்தோம் என்று எல்லாரும் அக்காவைப் பார்க்க மேலே ஏறினார்கள். கட்டிலைச் சுற்றிக் கைகட்டிக்கொண்டு நின்றவர்களை அவள் ஒருதரம் பார்த்தாள். "என்ன, செத்த வீட்டுக்கு வந்த மாதிரி வரிசையா நிக்கிறியள்? நான் இன்னும் இருக்கிறன். இருங்கோ" என்றாள். பஜனைக்காரர் ஒருவருக்கு அழுகை வந்துவிட்டது. "அழாதையும், அழுதா ரத்தம் தண்ணியாப் போகும், பிறகு ஒருத்தரும் எடுக்காயினம்" என்று அவரையும் பகிடி பண்ணிவிட்டாள்.

பிறகு ரத்தம் எடுக்கும் இடத்துக்குப் போனோம். அருமைராசாவும் இன்னும் சிலரும் கொடுத்தார்கள். என்னை எடுக்கவில்லை. கேட்ட கேள்விக்கு, சின்ன வயதில் வவுனிக்குளத்தில் காடு வெட்டப்போன இடத்தில் மலேரியா வந்தது என்று உள்ளதைச் சொன்னேன். அந்தக் காய்ச்சல் இத்தனை வருடம் காத்திருந்து எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிவிட்டது.

திங்கட்கிழமை டொக்டர் வந்தார். இனி ஏற்றுவீர்கள்தானே என்று கேட்டேன். அவர் வேறொன்று சொன்னார். அக்காவுக்குப் பொருந்துகிற ரத்தம் கிடைப்பதும் இப்போது கஷ்டமாம். அவளுடைய உடம்பு சில ரத்தத்தைக் கண்டால் எதிர்க்கிறதாம். அதற்குப் பிறகும் என்னென்னவோ சொன்னார், ஆனால் என் காதில் அது மட்டும்தான் நின்றது. பொருந்தவேண்டும். அவளுக்குப் பொருந்திய ரத்தம் எது என்று எனக்குத் தெரியும், விமலநாதன். உம்முடையது.

ஆகவே கேட்கிறேன். நீர் வரவேண்டும். விசா நிரப்பிக் கொடுக்கிறவரிடம் கஜந்தினியை அனுப்பும். தமக்கைக்கு ரத்தம் கொடுக்கவேண்டும் என்று காரணம் போடச் சொல்லும். ஆஸ்பத்திரியில் இருந்து கடதாசி வேண்டுமென்றால் நான் எடுத்து அனுப்புகிறேன். அதுவரைக்கும் ஈரல் சாப்பிடும். முருங்கையிலை ஒருநாளும் விடாதேயும். அங்கே கோயிலிலோ பள்ளிக்கூடத்திலோ ரத்த தானம் என்று யாரும் கேட்டு வந்தால் மறந்தும் கையை நீட்டாதேயும். அக்காவுக்கு உரியதை ஊருக்குக் கொடுத்துவிட்டு வரவேண்டாம்.

அக்காவுக்கு நீர் வருவதை இன்னும் சொல்லவில்லை. கடதாசி கைக்கு வந்ததும் சொல்வேன்.

பிள்ளையார் துணை. மாதாவும் துணை.

உம்முடைய வரவுக்கு வழி பார்க்கும்
அத்தான்
உருத்திரமூர்த்தி

* * *

லாசால், மொன்றியல்
சித்திரை மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பின் மைத்துனர் விமலநாதனுக்கு,

வருடப்பிறப்புக்கு நீர் அனுப்பின வாழ்த்தை மாக்கிரட் வாசித்துக் காட்டினார். நீடூழி வாழ்க என்று எங்கள் இரண்டு பேருக்கும் எழுதியிருந்தீர். உம்முடைய நல்ல மனதுக்குக் கடவுள் உமக்கு எல்லாம் தரவேண்டும். நாங்கள் இம்முறை ஒன்றும் செய்யவில்லை. அருமைராசாவின் மனைவி சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தார். அக்கா கரண்டி நுனியில் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "உப்புப் போட மறந்திட்டா" என்றாள். பொங்கலுக்கு ஏது உப்பு என்று கேட்டேன். "ஒரு கல்லுப் போடவேணும். உங்களுக்கு இவ்வளவு காலமும் தெரியாதே நான் போடுறது?" என்றாள். தெரியாது.

விண்ணப்பம் எல்லாம் நிரப்பி முடிந்தது, ஆஸ்பத்திரிக் கடதாசிக்குத்தான் காத்திருக்கிறோம் என்று கஜந்தினி எழுதியிருந்தாள். அப்பா வெள்ளிக்கிழமையும் ஈரல் சாப்பிடுகிறார், கோயிலுக்குப் போகாமல் இருக்கிறார் என்றும் எழுதியிருந்தாள். அதை மாக்கிரட்டை இன்னொரு தரமும் வாசிக்கச் சொன்னேன். மச்சான், ஈரலை நிறுத்தும். கோயிலுக்குப் போம். ஏன் என்று கீழே சொல்கிறேன். இந்தக் கடிதத்தைத் தனிய இருந்து வாசியும்.

கடதாசி கேட்கப் போன கதையைச் சொல்கிறேன். அன்றைக்கு டொக்டர் நின்றபடி கதைக்கவில்லை. ஒரு கதிரையை இழுத்து அக்காவின் கால்மாட்டில் போட்டு இருந்தார். நான் கேட்டேன், இவளுடைய தம்பி ஊரில் இருக்கிறான், இவளுக்கு முன்னரும் அவனுடைய ரத்தம் ஏறியிருக்கிறது, அவன் வந்தால் வேறு ஒருவருடையதும் தேவையில்லை, அவனுடைய ரத்தம் தேவை என்று ஒரு கடதாசி எழுதித் தாருங்கள் என்று. இந்த முறை மாக்கிரட் ஒரு சொல்லும் விடாமல் சொன்னார். நான் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

டொக்டர் முன்னர் எப்போது ரத்தம் ஏறியது என்று கேட்டார். சொன்னேன். நாங்கள் கலியாணம் கட்டி இரண்டாம் மாரிக்காலம். சண்டிலிப்பாயில் இருந்து விடிய முன்னம் காரில் கொண்டு போனது. பிள்ளை பிறந்து அவளுக்கு ரத்தம் நிற்காமல் போனது. நீர் சேறு தெறித்த சாரத்தோடு சைக்கிளில் வந்து நின்றது. உமக்கு அப்போது மீசை அரும்பின வயது. நீர் கட்டிலில் படுத்துக் கையை நீட்டிவிட்டு, ஊசியைப் பார்க்கப் பயந்து என்னுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. கொடுத்துவிட்டு எழும்பி, வாசலில் வாந்தி எடுத்துவிட்டு, "அக்காவுக்குச் சொல்லிப்போடாதையுங்கோ அத்தான்" என்றது. பொழுதுபட முன்னம் பிள்ளை போனது. அக்கா தப்பினது. எல்லாம் சொன்னேன். மாக்கிரட் சில இடத்தில் நிறுத்தி மூக்கைத் துடைத்துத் துடைத்துச் சொன்னார். 

பிறகு அவர் விளங்கப்படுத்தினார். அதை உமக்கும் அப்படியே சொல்கிறேன். ரத்தம் இல்லாமல் இல்லையாம். நாங்கள் திருப்பாதபடியாலும் இல்லையாம். ரத்தம் ஏற்றுவது ஆளுக்குச் சுகம் வரவேண்டும் என்பதற்காக, சோதனையில் வருகிற இலக்கத்தை ஏற்றுவதற்காக இல்லை என்றார். முன்னர் ஏற்றினால் அவள் நடந்தாள், சமைத்தாள். இப்போது ஏற்றினால் இரண்டு நாளும் நில்லாது. ஆனால் அந்த ஒரு பையே அவளுடைய இருதயத்துக்குப் பாரம். போன முறை போல மூச்சு அடைக்கலாம், அடுத்த முறை திரும்பாமலும் போகலாம். ஒரு பை அவளுக்கு மூச்சை லேசாக்கும் என்று தெரிந்தால் இந்த நிமிடமே ஏற்றுவேன், அவளை நோகப்பண்ணும் என்று தெரிந்துகொண்டு ஏற்றமாட்டேன் என்றார். தம்பியினுடையதாக இருந்தாலும் அதே பாரம்தானாம். அதோடு, அன்றைக்குப் பொருந்தினது இன்றைக்கும் பொருந்தும் என்றும் இல்லையாம்.

நான் விடவில்லை. அப்படியென்றால் ஏன் இவளுடைய உடம்பு மற்ற ரத்தத்தை எதிர்க்கிறது, தம்பியின் ரத்தத்தை எதிர்க்கவில்லையே என்று கேட்டேன். அதற்கு டொக்டர் சொன்னதுதான் என்னை இன்னும் விடவில்லை. உடம்பு தனக்குள் வந்த அந்நிய ரத்தத்தை ஒருமுறை கண்டால் அடையாளம் வைத்துக்கொள்ளுமாம். வருடக்கணக்காகப் பேசாமல் இருந்துவிட்டு, அதைப்போல இன்னொன்று வந்தால் எழும்பி எதிர்க்குமாம். அக்காவின் உடம்பு எதை முதலில் கண்டது என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். ஏற்றின ரத்தமாகவும் இருக்கலாம். பிள்ளைப்பேற்றின்போது பிள்ளையின் ரத்தம் தாயின் ரத்தத்தோடு கலப்பதும் உண்டு, அதுவாகவும் இருக்கலாம்.

அதுவரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு கிடந்த அக்கா அப்போது கண்ணைத் திறந்தாள். "அவனே?" என்று கேட்டாள்.

மாக்கிரட்டுக்கு முதலில் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அந்தப் பிள்ளையைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் கதைப்பதில்லை. பேர் வைக்கவில்லை. அவள் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு சொன்னாள், "அப்ப அவன் போகேல்லை. இவ்வளவு காலமும் எனக்குள்ளதான் இருந்திருக்கிறான். எனக்கு ஒண்டும் சொல்லாமல் இருந்திருக்கிறான், கள்ளன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள், விமலநாதன். பல மாதமாக நான் காணாத சிரிப்பு. அப்படி நிச்சயமாகச் சொல்ல ஏலாது என்று டொக்டர் சொல்ல வாயெடுத்தார். சொல்லாமல் விட்டுவிட்டார். பிள்ளைதான் என்று அக்கா தீர்த்துவிட்டாள். நானும் அப்படியே தீர்த்துவிட்டேன். நீரும் அப்படியே வைத்துக்கொள்ளும். உம்முடைய ரத்தத்தை நினைத்து வேறு ஒன்றையும் யோசிக்கவேண்டாம். அன்றைக்கு நீர் கையை நீட்டியிராவிட்டால் எனக்கு அன்றே இரண்டு பாடை. அதற்குப் பிறகு அவளோடு இருந்த காலம் முழுவதும் நீர் தந்தது. இதை உமக்கு நேரே சொல்ல எனக்கு ஒருநாளும் வாய் வரவில்லை, மாக்கிரட்டின் கையால் சொல்கிறேன்.

பிறகு டொக்டர் அக்காவைப் பார்த்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். என்னைக் கேட்கவில்லை, அவளைத்தான் கேட்டார். மூச்சுத் திணறாமல் இருக்கவேண்டும், ஊசி குத்திக் குத்திக் கை கறுத்துப்போனது, அதை நிறுத்தவேண்டும், தலையை ஒருக்கா முழுகவார்த்து இழுத்துப் பின்னிவிடவேண்டும் என்றாள். இன்னும் ஏதாவது உண்டா என்று கேட்டதற்கு, "தம்பியைக் காணவேணும்" என்றாள். நீர் வருவதற்கு நான் வழி பார்த்தது அவளுக்குத் தெரியாது. ஆனாலும் கேட்டாள்.

டொக்டர் அவளுடைய போர்வையை இழுத்துச் சரிசெய்தார். பிறகு மாக்கிரட்டிடம் சொன்னார், ரத்தம் தேவை என்று என்னால் எழுத முடியாது, அது உண்மை இல்லை, ஆனால் வேறொரு கடதாசி எழுதலாம். மாக்கிரட் அதுவரைக்கும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார். என்ன கடதாசி என்று கேட்டேன். "பேந்து சொல்லுறன் அண்ணை" என்றார். பிரெஞ்சு தெரியாவிட்டாலும் அதற்கு விளக்கம் தேவைப்படவில்லை. அக்கா முடியப்போகிறாள், தம்பி தாமதியாமல் வரவேண்டும் என்று எழுதுகிற கடதாசி.

வேண்டாம் என்றேன். அப்படி ஒன்றை எழுதாதேயுங்கள் என்று தமிழிலேயே அந்த டொக்டரிடம் கத்திவிட்டேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த கிழவி திடுக்கிட்டு மணியை அமர்த்திவிட்டாள். வெளியே போய் பஸ் நிற்கும் இடத்தில் நின்றேன். வந்த பஸ் எல்லாம் போய்க்கொண்டிருந்தது. ஒருவர் கையால் எழுதி முத்திரை குத்தினால் அது நடந்துவிடும் என்று எனக்கு ஒரு பயம். ரத்தம் தேவை என்று எழுதினால் ரத்தம் வரும். மற்றதை எழுதினால் மற்றது வரும். எழுத்துத் தெரிந்த உமக்கு இது விசர்க்கதையாக இருக்கும்.

திரும்பி மேலே வர அக்கா கேட்டாள், "கடதாசி தந்தவவே?" என்று. ரத்தத்துக்கு இன்னொரு டொக்டரைக் கேட்போம், வேறு ஆஸ்பத்திரியும் இருக்கிறது, அருமைராசா வான் கொண்டுவருவார் என்று நான் தொடங்கினேன். அவள் என்னைக் கதைத்து முடிக்கவிட்டாள். பிறகு சொன்னாள், "இஞ்சாருங்கோ. எனக்கெண்டு ஊர் முழுக்க ரத்தம் கேட்டுப்போட்டியள். காணும். ஒருக்கா எனக்காண்டித் தம்பியைக் கேளுங்கோ."

நான் அவளுடைய காலைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். கால் குளிர்ந்திருந்தது. சப்பாத்துப் போட்டுத் திரியாத கால், இந்த நாட்டில் எத்தனை பனியைக் கண்டுவிட்டது. என்னைவிட அவளுக்குத்தான் எல்லாம் முதலில் தெரிந்திருக்கிறது. கட்டிலைச் சுற்றிப் பஜனைக்காரர் வரிசையாக நின்ற நாளிலேயே அவளுக்குத் தெரியும், பகிடி விட்டு எங்களை அனுப்பியிருக்கிறாள்.

அடுத்த நாள் நானே போய் டொக்டரிடம் கேட்டேன். கத்தினதற்குக் கோபம் வைத்துக்கொள்ளவில்லை. இருந்த இடத்திலேயே எழுதி, முத்திரை வைத்து, உறையில் போட்டுத் தந்தார். என்ன எழுதியிருக்கிறது என்று வாசித்துச் சொல்லவோ என்று மாக்கிரட் கேட்டார். வேண்டாம் என்றேன். வாழ்நாள் முழுக்க, பஸ் பேரில் இருந்து மருந்துப் பெட்டி வரைக்கும், வாசித்துச் சொல்லுங்கள் என்று எத்தனையோ பேரிடம் கேட்டுத் திரிந்தவன் நான். இந்த ஒன்றை மட்டும் கேட்கவில்லை. மாக்கிரட் அதை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படம் எடுத்தார். முதல் படம் கலங்கிவிட்டது. இரண்டாவதுதான் உங்களுக்கு வந்திருக்கிறது.

மச்சான், அதைக் கஜந்தினியிடம் கொடுத்து விண்ணப்பத்தோடு போடச் சொல்லும். நீர் வாசிக்கவேண்டாம். நீர் படித்தவர், கண்ணில் பட்டதை வாசியாமல் விடமாட்டீர் என்று தெரியும். ஆனாலும் கேட்கிறேன்.

இனி ரத்தம் ஏற்றுவதில்லை என்று முடிவாகிவிட்டது. காலையில் ஊசி குத்துவதும் இல்லை. மூச்சு லேசாக ஒரு மருந்து, நோவுக்கு ஒரு மருந்து, அவ்வளவுதான். நேற்று ஒரு நேர்ஸும் மாக்கிரட்டும் சேர்ந்து தலை வார்த்துப் பின்னிவிட்டார்கள். முகம் வெள்ளையாகத்தான் இருக்கிறது. ஆனால் பஞ்சு மாதிரி ஆறுதலாக மூச்சு போய் வருகிறது. உண்மையைச் சொன்னால், பை பையாக ஏற்றின மாதங்களில்கூட இப்படி ஒரு நித்திரை அவள் கொண்டதில்லை. அதைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். அந்த டொக்டர் சொன்னது சரி என்று தெரிகிறது. சரி என்று தெரிவதால் எனக்கு ஒன்றும் குறையவில்லை.

நீர் வரும்போது ஒன்றும் கொண்டுவரவேண்டாம். குளிருக்கு என்னுடைய கோட்டை அருமைராசா விமான நிலையத்துக்குக் கொண்டுவருவார். வந்து ரத்தம் கொடுக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டு வராதேயும். பக்கத்தில் இருந்தால் காணும். உமக்குக் காது கேளாது, அவளுக்குப் பெலத்துக் கதைக்க ஏலாது. பரவாயில்லை, நான் நடுவில் இருந்து சொல்லுகிறேன்.

கடவுள் உமக்கு வழி திறக்கட்டும். விசாக்காரரின் மனம் இளகட்டும். தமக்கையின் ஆசீர்வாதமும் என்னுடைய ஆசீர்வாதமும் உமக்கும் பிள்ளைக்கும் என்றைக்கும் உண்டு.

இன்று காலை கண் விழித்ததும், தம்பி எங்கே என்று கேட்டாள். வெளிக்கிட்டுவிட்டான் என்று சொல்லியிருக்கிறேன். நாளைக்கும் கேட்பாள், நாளைக்கும் அதையே சொல்வேன். கெதியாய் வாரும், விமலநாதன். என்னை அவளுக்கு முன்னால் பொய்யனாக்கிவிடாதேயும்.

இப்படிக்கு
உம்மைக் கைகூப்பிக் கேட்கும்
அத்தான் உருத்திரமூர்த்தி